உள்ளே போகாத கண்ணாடி

சிறை, வடக்குத் தொகுதி
9 அக்டோபர்

அக்கா நீன்கேவுக்கு,

உன் தம்பி ஹிட்டே எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, கை வீக்கம் வடிந்துவிட்டது. உனக்கும் ரோட்டர்டாமில் முதுகுவலி தொந்தரவு தராமல் இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். வாரத்துக்கு ஒருமுறை தொலைபேசியில் பேச விடுகிறார்கள். அந்த நேரத்தை அம்மா அழுதே தீர்த்துவிடுகிறார். அதனால் உனக்குக் கடிதம்தான்.

நடந்ததை எல்லோரும் அவரவர் இஷ்டத்துக்கு உனக்குச் சொல்லியிருப்பார்கள். கூரை மேல் நின்றவன் நான், என்னிடம் கேள்.

நம் ஊர் நீச்சல்குளக் கூரையில், நடுவே மேடாக எழும்புகிற இடம் உனக்குத் தெரியும். உங்கள் அலுவலகம் வரைந்ததுதானே. அங்கே ஒரு முக்கோணக் கண்ணாடி உட்காரவே மாட்டேன் என்றது. ஒரு முனையை இறக்கினால் இன்னொரு முனை கிளம்பியது. நானும் யெல்லேயும் இரண்டு முறை பார்த்துவிட்டு, இதைக் கீழே இறக்கிவிடலாம் என்றோம். மேஸ்திரி டௌவே உங்கள் அலுவலகத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "கம்ப்யூட்டர் பச்சைன்னு சொல்லுது. அழுத்துங்கடா" என்றார். கிளாம்ப் போட்டு நான்கு பேர் அழுத்தினோம்.

கண்ணாடி வெடித்தது. பாதித் துண்டு பக்கவாட்டில் பாய்ந்து யெல்லேயின் தோளில் இறங்கியது. அவன் கட்டியிருந்த பாதுகாப்பு வாரையும் அறுத்துக்கொண்டு போனது. பக்கத்து முக்கோணம் அப்போது வெறும் ஓட்டை. அதன் வழியாக விழுந்தான். கீழே தண்ணீர் இல்லாத குளம், வெறும் சிமெண்ட். நான் எட்டிப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. பள்ளிக்கூடத்திலிருந்து கூடவே இருந்தவன், அக்கா.

கண்ணாடி தூக்குகிற உறிஞ்சுபிடி என் கையில் இருந்தது, இரும்புக் கைப்பிடி போட்டது. அதால் டௌவேயின் முகத்தில் அடித்தேன். விழுந்த பிறகும் அடித்தேன். தாடை உடைகிற சத்தம் எனக்குக் கேட்டது. மற்றவர்கள் இழுத்திருக்காவிட்டால் ஆளை முடித்திருப்பேன். நீதிபதியிடம் வருத்தப்படுகிறேன் என்று சொல்லச் சொல்லி வக்கீல் கெஞ்சுகிறார். வராத வருத்தத்துக்கு எங்கே போவது?

பார்க்க வருகிறவர்கள் பட்டியலில் உன் பெயரைக் கொடுத்திருக்கிறேன். வா.

தம்பி,
ஹிட்டே


ரோட்டர்டாம்
2 நவம்பர்

ஹிட்டே,

கை வீக்கம் வடிந்ததாக எழுதியிருந்தாய், நல்லது. என் முதுகு பரவாயில்லை. அம்மாவுக்கு இரத்த அழுத்தம் ஏறி இறங்குகிறது. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார், இவர் உப்பில் ஊறிய ஹெர்ரிங் மீனைத் துண்டுக்குள் மறைத்து வைத்துத் தின்கிறார்.

டௌவே எப்படி இருக்கிறார் என்று நீ கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள். குழல் வழியாக சூப் மட்டும் இறங்குகிறது. ஒரு காது போய்விட்டது. உனக்கு முதல் வேலை கொடுத்த மனிதர் அவர்.

யெல்லேயின் அடக்கத்துக்கு உனக்கும் சேர்த்து நான் போய் வந்தேன். காபி, கேக் எல்லாம் முறைப்படி நடந்தது. அவன் மனைவி ஹிஸ்கே என்னோடு கை குலுக்கவில்லை. புருஷனைப் பறிகொடுத்தவளைக் குறை சொல்ல முடியாது. அதைப் பற்றி இவ்வளவுதான்.

உனக்கு ஒன்றரை வருடம் என்று தீர்ப்பு வந்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. கோபித்துக்கொள்ளாதே, அதுதான் உண்மை. வெளியே இருந்திருந்தால் மருத்துவமனைக்கே போய் டௌவேயை முடித்திருப்பாய்.

அவர் கெட்டவர் இல்லை, ஹிட்டே. கையில் இருந்த தாளை நம்பினார். அது நாங்கள் அனுப்பிய தாள்.

இப்போதைக்கு என்னால் வர முடியாது. அலுவலகத்தில் விசாரணை நடக்கிறது, யாருக்கும் விடுப்பு இல்லை. கம்பளி உள்ளாடை அனுப்பியிருக்கிறேன், போட்டுக்கொள்.

நீன்கே


சிறை
11 நவம்பர்

அக்காவுக்கு,

நலம். ஒரு பல் போயிற்று, அதுவும் ஏற்கனவே ஆடிக்கொண்டிருந்த பல்தான். கம்பளி சூடாக இருக்கிறது. உன் முதுகுக்கு வெந்நீர்ப் பை வைத்துக்கொள்.

பல் கதையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அம்மாவின் வாயால் இரண்டு மடங்காகக் கேட்பாய். சாப்பாட்டு வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற ஒரு தடியன், "ஏய் கண்ணாடிக்காரா, உன் சிநேகிதன் தண்ணியில்லாத குளத்துல சூப்பரா டைவ் அடிச்சானாமே" என்றான். அவன் தலையைப் பிடித்துப் பட்டாணி சூப் அண்டாவுக்குள் அமுக்கினேன். சூப் கொதித்துக்கொண்டிருந்தது. அவன் கூட்டாளி தட்டைத் திருப்பி என் வாயில் அடித்தான். எனக்கு ஒரு வாரம் தனியறை கொடுத்தார்கள்.

தனியறையில் படிக்க உன் கடிதம் மட்டும்தான் இருந்தது. கையில் இருந்த தாளை நம்பினார் என்று எழுதியிருக்கிறாய். அப்படியானால் நான் ஆள் மாற்றி அடித்திருக்கிறேன். தாளில் பச்சை அடித்தவன் உங்கள் அலுவலகத்தில் எங்கேயோ உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருக்கிறான்.

எனக்கு அவன் பெயர் வேண்டும். தண்டனைக் கழிவு போக அடுத்த வருடக் கடைசியில் வெளியே வந்துவிடுவேன். அதற்குப் பிறகு அவன் அந்தக் கையால் கரண்டி பிடிக்க மாட்டான். யெல்லே மேல் சத்தியமாகச் சொல்கிறேன்.

இந்தப் பச்சை, சிவப்பு என்பதெல்லாம் என்ன என்று முதலில் எனக்குப் புரியும்படி எழுது. நான் கண்ணாடி மாட்டுகிறவன். அது எப்படி அங்கே வந்து சேர்கிறது என்று இதுவரை யோசித்ததே இல்லை.

ஹிட்டே


ரோட்டர்டாம்
14 டிசம்பர்

ஹிட்டே,

தாமதத்துக்குக் கோபிக்காதே. உன் வாய்க் காயம் ஆறியிருக்கும் என்று நம்புகிறேன். சிந்தர்க்ளாஸ் பண்டிகைக்கு உன் பெயரின் முதல் எழுத்தில் சாக்லேட் வாங்கி அனுப்பினேன். தின்பண்டம் கூடாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நானே தின்றுவிட்டேன்.

கேட்டதைச் சொல்கிறேன். ஒரு எடாம் சீஸ் உருண்டையை எடுத்துக்கொள். மதுக்கடையில் பீர் குவளைக்கு அடியில் வைக்கிற அட்டைகளை அதன் மேல் ஒட்டப் பார். அட்டையை மடிக்கக் கூடாது, வெட்டக் கூடாது, எல்லாம் ஒரே அளவு. மேசை மேல் பரப்பினால் சமர்த்தாக உட்காரும். உருண்டை மேல் வைத்தால் ஓரிடத்தில் வாயைப் பிளக்கும், இன்னோரிடத்தில் ஒன்றன் மேல் ஒன்று ஏறும். எங்களிடம் கேட்டது அதைத்தான். கூரை வளைந்திருக்க வேண்டும், ஆனால் எல்லாக் கண்ணாடியும் ஒரே அளவு முக்கோணமாக இருக்க வேண்டும். ஒன்று உடைந்தால் கிடங்கிலிருந்து எதை வேண்டுமானாலும் எடுத்து மாட்டிவிடலாம் அல்லவா?

வளைவையும் முக்கோணத்தையும் சாஃப்ட்வேரில் கொடுத்தால் அது தானாகப் பரப்பிக் காட்டும். முழுசாக மூடாது, எந்தக் காலத்திலும் மூடாது. மூடாத மிச்சத்தை நாங்கள் இடைவெளிகளில் ஒளித்து வைப்போம். இரண்டு கண்ணாடிக்கு நடுவே ரப்பர் போகிற இடம் இருபது மில்லிமீட்டர். அது இவ்வளவு கூடலாம், இவ்வளவு குறையலாம் என்று ஒரு வரம்பு வைப்போம். வரம்புக்குள் இருக்கிற கண்ணாடியைத் திரை பச்சையாகக் காட்டும், தாண்டியதைச் சிவப்பாக. சிவப்பு வந்த இடத்துக்குத் தனியாக வேறு அளவில் கண்ணாடி வெட்ட வேண்டும்.

வரம்பு என்பது திரையோரத்தில் ஒரு ஸ்லைடர். மவுஸால் இழுத்தால் எண் மாறும். கூரை மாறாது, கண்ணாடி மாறாது, நிறம் மட்டும் மாறும். கோடையில் மேட்டுப் பகுதி சிவப்பாக இருந்தது. பிறகு பச்சையானது. அந்தப் பச்சைத் தாள்தான் டௌவே கையில் இருந்தது.

அம்மா கிறிஸ்துமஸுக்கு இங்கே வருகிறார். உன் தட்டையும் மேசையில் வைப்பாராம்.

நீன்கே


சிறை
20 டிசம்பர்

அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதக் கைவரவில்லை, ஆனாலும் எழுதிவிட்டேன். என் தட்டில் அம்மா உருளைக்கிழங்கு மலை கட்டாமல் பார்த்துக்கொள்.

சீஸ் பாடம் நன்றாகப் புரிந்தது. எவனோ ஒருத்தன் வரம்பை இழுத்து விட்டிருக்கிறான். எத்தனையிலிருந்து எத்தனைக்கு என்று நீ எழுதவில்லை. இழுத்தவன் யார் என்றும் எழுதவில்லை. சீஸைப் பற்றி அவ்வளவு நீளம் எழுதுகிறவளுக்கு ஒரு எண்ணும் ஒரு பெயரும் மட்டும் எழுத வரவில்லையா?

சிவப்பு என்றால் சிவப்புதான். நிறுத்த வேண்டியதுதானே! ஹீட்டர் போட்ட அறையில் உட்கார்ந்துகொண்டு ஒருத்தன் விரலை இப்படி நகர்த்துகிறான், அங்கே யெல்லே குளத்துக்குள் விழுகிறான். நினைக்க நினைக்க இரத்தம் கொதிக்கிறது. நேற்று சுவரில் குத்தினேன். பக்கத்து அறை கோபுஸ் அந்தப் பக்கத்திலிருந்து, "சுவரு பாவம்டா, ஆளைக் காட்டு" என்றான். அவன் உங்கள் ஊர் துறைமுகத்தில் ஆட்களைப் 'பேசிச் சரிசெய்து' பிழைத்தவன். பிப்ரவரி கடைசியில் வெளியே போகிறான். எனக்கு உயிரையே கொடுப்பான்.

எண்ணும் பெயரும். பதில் போடு.

ஹிட்டே


சிறை
1 பிப்ரவரி

நீன்கே,

ஒரு பதிலும் இல்லை. நீ நலமாக இல்லை என்று எனக்குத் தெரியும், அதனால் கேட்கப் போவதில்லை. அம்மா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

ஹிஸ்கே உன்னோடு கை குலுக்கவில்லை என்று எழுதினாய். அடக்கத்தில் எல்லோர் முன்னாலும் உன்னை அறைந்து, முடியைப் பிடித்துக் காபி மேசை விளிம்பில் முகத்தை இடித்தாளாமே? புருவத்தில் தையலாமே? அதைப் பற்றி இவ்வளவுதான் என்று எழுத எப்படி மனசு வந்தது?

ஜனவரியில் சுத்தியலை எடுத்துக்கொண்டு அம்மா வீட்டுக்கே வந்து முன்பக்கக் கண்ணாடி எல்லாவற்றையும் நொறுக்கியிருக்கிறாள். அம்மா உடைந்த துண்டுகளுக்கு நடுவே நின்று அவளுக்குக் காபி போட்டுக் கொடுத்தாராம். காபியைக் குடித்துவிட்டுப் போகும்போது, "உங்க பொண்ணோட ஆபீஸ்ல எவனோ விரலை ஆட்டினான், என் புருஷன் செத்தாரு. எவன்னு உங்க பொண்ணுக்குத் தெரியும்" என்று சொல்லியிருக்கிறாள்.

நான் கேட்பதும் அதைத்தான். யாருக்காக அடி வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருக்கிறாய்? அவன் உன் காதலனா? அப்படி என்றால் இரண்டு கையையும் உடைப்பேன்.

ஹிட்டே


ரோட்டர்டாம்
19 பிப்ரவரி

ஹிட்டே,

புருவம் ஆறிவிட்டது. தழும்பு முடிக்குள் மறைந்துவிடுகிறது. நீ தூங்குகிறாயா? நான் தூங்கிப் பல நாளாகிறது.

ஆமாம், எனக்குத் தெரியும். உன்னிடம் சொல்ல மாட்டேன். நீ செய்த சத்தியத்தைப் படித்த பிறகு நிச்சயமாகச் சொல்ல மாட்டேன். காதலன் எவனும் இல்லை. இருந்திருந்தால் முதலில் அவனுக்கு உன்னைத்தான் காட்டியிருப்பேன், வந்த வழியே ஓடட்டும் என்று.

இங்கே நடப்பதைச் சொல்கிறேன். வரம்பை மாற்றியது எதனால் என்று விசாரணைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டார்கள். என் பக்கத்து நாற்காலி பாஸ்டியான், இரண்டு பெண்களின் தகப்பன், அங்கேயே உடைந்து அழுதுவிட்டார். என் முறை வந்தபோது, கட்டுமான இடத்திலிருந்து வந்த பேச்சு என்று சொன்னேன். அதற்கு மேல் சொல்லவில்லை. கட்டுமான இடம் என்றால் மேஸ்திரிதானே என்று அவர்களே முடிவுகட்டிவிட்டார்கள். யெல்லே செத்ததற்கு டௌவே மேல் மே மாதம் வழக்கு. "நான் அப்படிச் சொல்லவில்லை" என்று அவர் மறுக்க வேண்டும். மறுக்க வாய் வேண்டும். அந்த வாயைத்தான் நீ உடைத்து வைத்திருக்கிறாய்.

என்னை எழுதவும் விடாமல் எழுதாமலும் இருக்க விடாமல் செய்கிறாய். தயவுசெய்து பெயர் கேட்காதே.

நீன்கே


சிறை
27 பிப்ரவரி

அன்பு அக்கா,

சுகம். உன் புருவம் ஆறியதில் சந்தோஷம். போன கடிதத்தில் அசிங்கமாக எழுதியதை மன்னித்துவிடு.

இனிமேல் பெயர் கேட்க மாட்டேன். கட்டுமான இடத்திலிருந்து யாரும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள், எங்கள் ஆட்களை எனக்குத் தெரியும். ஆனால் அதை வைத்து உன்னோடு சண்டையில்லை. தப்புச் செய்யாதவன் விசாரணையில் எதற்கு அழப் போகிறான் என்று மட்டும் யோசித்தேன். யோசித்து முடித்துவிட்டேன்.

கோபுஸ் நேற்று விடுதலையானான். வாசலில் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். மார்ச்சில் உங்கள் பக்கம் காற்று பலமாக அடிக்கும். சைக்கிளில் போகும்போது நிதானமாகப் போ.

அன்புடன்,
ஹிட்டே


ரோட்டர்டாம்
23 மார்ச்

ஹிட்டே,

உன் உடம்பைப் பற்றி இந்த முறை நான் கேட்கப் போவதில்லை.

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம், அலுவலகத்துக்குக் கீழே சைக்கிள் நிறுத்துகிற இடத்தில், உன் கோபுஸ் பாஸ்டியானுக்காகக் காத்திருந்தான். பூட்டுச் சங்கிலியால் முழங்காலில் அடித்து விழவைத்தான். பிறகு கைகளை ஒவ்வொன்றாகச் சிமெண்ட் தரையில் விரித்துவைத்து, பூட்ஸ் குதிகாலால் மிதித்தான். அவசரமே இல்லாமல் மிதித்தான். நான் படியில் இறங்கி வந்துகொண்டிருந்தேன். ஓடிப் போய் அவன் முதுகில் தொங்கினேன், கடித்தேன், ஈயை விரட்டுவது மாதிரி என்னைத் தட்டிவிட்டான். பாஸ்டியான் கத்தவில்லை. "ஏன், ஏன்" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்து போகும்போது கோபுஸ் என்னிடம் மரியாதையாக, "உங்க தம்பி சொல்லச் சொன்னாரு, இது யெல்லேக்காகன்னு" என்றான்.

பாஸ்டியானின் பெயரை உனக்கு எழுதியவள் நான். ஏன் எழுதினேன் என்று தலையில் அடித்துக்கொள்கிறேன்.

அவர் செய்தது இவ்வளவுதான். நான் கூட்டத்தில் சொன்ன எண்ணை ஸ்லைடரில் வைத்தார். நான் சொன்ன எண் எங்கிருந்து வந்தது என்று இப்போது கேள்.

போன ஜூனில் அம்மாவின் பிறந்தநாள். கூடத்தில் எல்லோரும் வட்டமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து கேக் தின்றுகொண்டிருந்தார்கள். நான் சமையலறையில் லேப்டாப்பைத் திறந்துவைத்துத் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வரம்பு ஆறு மில்லிமீட்டர், மேடு முழுக்கச் சிவப்பு. நீயும் யெல்லேயும் ஜெனீவர் சாராய பாட்டிலோடு உள்ளே வந்தீர்கள். நான்கைந்து குவளை ஏற்கனவே உள்ளே போயிருந்தது. "என்னக்கா, கூரைக்கு அம்மை போட்டிருக்கா?" என்று கேட்டாய். தனிக் கண்ணாடி வெட்டி வர அக்டோபர் ஆகிவிடும், அதுவரை உங்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றேன்.

நீ சிரித்தாய். "ஆறா? அது உங்க ஆபீஸ்காரங்க அளவுக்கா. பதினாலு வை. நான் உள்ள தள்ள முடியாத கண்ணாடிய இன்னும் எவனும் செய்யல. ரெண்டு தட்டு, போயிடும்" என்றாய். என் கையிலிருந்து மவுஸைப் பிடுங்கி நீயே இழுத்தாய். கூரை முழுக்கப் பச்சையானது. யெல்லே கைதட்டினான்.

இருபதில் பதினாலு போனால் மிச்சம் ஆறு. வெயிலில் இரும்புச் சட்டம் கொஞ்சம் நீண்டால், பொருத்துகிற கை கொஞ்சம் பிசகினால், அந்த ஆறும் இல்லை. கண்ணாடி கண்ணாடியை முட்டும். எனக்கு அது தெரியும். தெரிந்தும், திங்கட்கிழமை கூட்டத்தில், கூரை மேல் நிற்கிற ஆட்களே பதினாலு தாங்கும் என்கிறார்கள் என்றேன், உன் பெயரைச் சொல்லவில்லை. எல்லோரும் அப்படி ஒரு பேச்சுக்காகத்தான் காத்திருந்தார்கள். நாளை விசாரணைக்காரர்களிடம் போய் இதைச் சொல்லப் போகிறேன். எனக்கு என்ன வருகிறதோ வரட்டும்.

இந்தப் பெயரோடு உன்னை ஒரு அறையில் தனியாக விடப் பயந்தேன். உன் முகத்தைப் பார்த்தால் சொல்லிவிடுவேன் என்றுதான் பார்க்க வராமலே இருந்தேன். நான் உன்னைக் காப்பாற்றினேன், பாஸ்டியானின் கைகள் போயின. திரும்பத் திரும்பக் கேட்டாயே, எடுத்துக்கொள். அவன் பெயர் ஹிட்டே.

நீன்கே


சிறை
30 மே

அக்காவுக்கு,

நலமா என்று கேட்க எனக்கு வாயில்லை, ஆனாலும் கேட்கிறேன். வேலையை விட்டுவிட்டாய் என்று அம்மா சொன்னார். உன் மேல் வழக்கு இருக்குமா இருக்காதா என்று எழுது.

உன் கடிதம் வந்த அன்றைக்கு என்ன செய்தேன் என்று சொல்கிறேன். சத்தியம் சத்தியம்தானே. அறைக் கதவு கனமான இரும்பு. வலது கையைக் கீல் பக்கத்து இடுக்கில் வைத்தேன், இடது கையால் கதவை இழுத்துச் சாத்த வேண்டியதுதான் பாக்கி. வைத்தபடியே நின்றேன். ரோந்து வந்த காவலர் என்னப்பா செய்கிறாய் என்று கேட்டதும், எண்ணெய் போட வேண்டும், கிறீச்சிடுகிறது என்று சொல்லிக் கையை எடுத்துக்கொண்டேன். மறுநாளும் வைத்தேன், மறுநாளும் எடுத்துக்கொண்டேன். அடுத்தவன் கை என்றால் எனக்கு எவ்வளவு சுலபமாக இருந்தது, அக்கா. டௌவேயை அடிக்க நான் யோசிக்கவே இல்லை. பாஸ்டியானுக்குக் கோபுஸ் யோசிக்க நேரமே கொடுக்கவில்லை.

உன் சீஸ் கடிதத்தைப் படித்தபோதே அந்தச் சமையலறை நினைவுக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. வந்தும் நான்தான் உள்ளே விடவில்லையோ என்னவோ, அதுவும் தெரியவில்லை.

கோபுஸை அனுப்பியது நான் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். இன்னும் இரண்டு வருடம் சேர்ந்திருக்கிறது. டௌவே வழக்கில் சாட்சி சொல்லவும் போனேன். பதினாலு என்று சொன்னவன் நான், மேஸ்திரி இல்லை என்றேன். நீயும் முன்பே சொல்லியிருந்ததால் அவர் மேல் இருந்த வழக்கைத் தள்ளிவிட்டார்கள். வெளியே போகும்போது அவர் என் பக்கத்தில் வந்து நின்றார். வாய் ஒரு பக்கம்தான் திறக்கிறது. "என்கிட்ட இனிமே பேசாதடா" என்றார். அந்தப் பாதி வாயால் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

பிறகு ஹிஸ்கேவுக்கு எழுதிப் போட்டேன். வருவாள் என்று நினைக்கவில்லை, போன வியாழக்கிழமை வந்தாள். மேசைக்கு எதிரே கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். ஜெனீவர், அம்மை போட்ட கூரை, நான் மவுஸை இழுத்தது, ஒன்றையும் விடவில்லை.

"அவரும் அங்க இருந்தாரா?" என்று கேட்டாள்.

"இருந்தான். கைதட்டினான்."

அதுவரை அசையாமல் இருந்தவள் மேசை மேல் பாய்ந்தாள். முதல் குத்தில் அவள் மோதிரம் என் உதட்டைக் கிழித்தது. காதைப் பிடித்துத் தலையை மேசையில் மோதினாள், இன்னொரு தடவை, இன்னொரு தடவை. நான் கையைத் தூக்கவில்லை. அவ்வளவு மாதத்தில் முதல் தடவையாக எனக்கு மூச்சு சீராக வந்தது. இரண்டு காவலர்கள் வந்து அவளை இழுத்தார்கள்.

"விடுங்க சார்" என்றேன். "அவங்க இன்னும் முடிக்கல."

ஹிஸ்கே என்னைப் பார்த்தாள். முடியைச் சரிசெய்துகொண்டாள். "முடிச்சிட்டேன்" என்றாள். காவலரிடம் வெளியே போகிற வழியைக் கேட்டுக்கொண்டு போய்விட்டாள். நான் எழுந்து அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பவில்லை.

பாஸ்டியானுக்கு எந்தெந்த விரல் மடங்குகிறது என்று விசாரித்து எழுது. அவருக்கு நேராக எழுத எனக்குத் தைரியமில்லை. அம்மாவை ஹெர்ரிங் தின்ன விடு, இனி எவ்வளவு நாள் தின்னப் போகிறார்.

எனக்கு உதட்டில் தையல் போட்டிருக்கிறார்கள், மற்றபடி சுகம். கைகள் இரண்டும் நன்றாகவே இருக்கின்றன.

ஹிட்டே